நத்தமேட்டுச் சில்லு

ஜீயபுரத்து வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு நத்தமேடு இருக்கிறது. எப்போதோ காவிரி அதை ஒட்டி ஓடியிருக்கிறது. பிறகு விலகிப் போக, ஊரும் எழுந்து போய்விட்டது. மிச்சம் மணலும் பானை ஓடுகளும். ஆற்றுக்கென்ன, இடம் மாறிக்கொள்ளலாம். அது விட்டுப் போனதைத் தேடுகிறவனுக்குத்தான் இருப்புக்கொள்ளாது. உழவு போட்டார்கள் என்று கேள்விப்பட்டால் மறுநாள் அங்கே நிற்பேன். வருஷக்கணக்காகக் குனிந்ததில் கழுத்து வலி கிடைத்தது. எழுத்துக் கீறிய ஓடு, ஒரு மணி, என் கைக்கென்று ஏதாவது ஒன்று? இல்லை.

போன மாசியில் மனைவியும் வந்தாள், வாழைப்பூ வாங்க. செருப்பில் அப்பிய மண்ணைத் தட்டக் குனிந்தவள் நிமிர்ந்தபோது கையில் அது இருந்தது. வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு, ஓரம் வட்டமாகத் தேய்த்த ஓட்டுத் துண்டு.

"பாண்டி ஆடுற சில்லுங்க," என்றாள்.

மியூசியக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்ததை, அவள் விரல் பிடித்த பிடியிலேயே அறிந்துவிட்டாள். அதைத் தேய்த்து வைத்த ஏதோ ஒரு சிறுமியும் அவளும் எனக்குத் தெரியாமல் சிரித்துக்கொண்ட மாதிரி இருந்தது. எந்தக் காலத்துச் சிறுமியோ, அவள் மேலும் வயிறு எரிந்தது.

வீடு திரும்பும் சத்திரம் பஸ்ஸில் மெல்ல ஆரம்பித்தேன். இதை மியூசியத்தில் கொடுக்கத்தான் வேண்டும், எடுத்தது யார் என்று கேட்பார்கள், இடத்தைப் பற்றி எனக்குத்தானே தெரியும், என் பேரிலேயே இருக்கட்டும் என்றேன். அவள் வாழைப்பூவை மடியில் புரட்டினாள்.

"கழுத்து வலிக்குத்தானே? தைலம் தரேன்."

ஸ்ரீரங்கத்து வீட்டு மொட்டை மாடியில், தொட்டி பூசியது போக மிஞ்சிய மணல் கிடந்தது. சாயங்காலம் அதைப் பரப்பி விரலால் கட்டம் கிழித்தாள். பழைய பொருள், உடைந்துவிடும் என்று பதறினேன். எறியத்தானே செய்தார்கள் என்றவள், சில்லை என்னிடம் நீட்டினாள்.

"கடைசிக் கட்டத்துல போடுங்க. விழுந்துட்டா நீங்களே எடுத்ததா சொல்லிக்கோங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எறிந்தேன். சில்லு கோட்டின் மேல் உட்கார்ந்தது. உள்ளேதான் அதிகம் என்று வாதாடினேன்.

"கோட்டுல விழுந்தா அவுட்டு."

"யார் வச்ச சட்டம் இது?"

அவள் சில்லைக் காட்டினாள். "இதைத் தேய்ச்சவகிட்ட கேளுங்க."

மியூசியத்தில் மனைவி தன் பேரை இனிஷியலோடு நிதானமாகச் சொன்னாள். நத்தமேட்டையும் ஆற்றின் பழைய தடத்தையும் நான் விளக்கினேன். கவனமாகக் கேட்டார்கள். என் பேரை யாரும் கேட்கவில்லை.

அடுத்த உழவு எப்போது என்று தோட்டக்காரரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை.