ஒரு பெண்ணின் ஜாதகத்துக்கு நான் வைத்த சிவப்புக் குறி

2010, தை மாதம். கல்யாணப் பேச்சுகள் சூடு பிடித்திருந்த சமயம். நான் சிதம்பரத்தில் எம்.சி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். சனி, ஞாயிறுகளில் மட்டும், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அக்கா தன் வீட்டிலேயே நடத்திவந்த திருமணத் தகவல் மையத்தில் கம்ப்யூட்டர் வேலை. வருகிறவர்களின் ஜாதகத்தையும் போட்டோவையும் ஸ்கேன் செய்து, ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டு வைக்க வேண்டும். மவுஸைத் தொடவே பயப்படுகிறவர்கள் நடுவில் நான் பெரிய மேதாவி. அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

கல்லூரியில் புராஜெக்ட் நேரம். ஒரு கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் பழைய வடிவங்களையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்திப் பழகச் சொல்லியிருந்தார்கள். என்னிடம் சொந்தக் கம்ப்யூட்டர் கிடையாது. "இதுல வேற எதையும் ஏத்தாத தம்பி. முன்னாடி இருந்தவன் கேம் போட்டுக் கெடுத்துட்டுப் போனான்" என்று முதல் நாளே அக்கா சொல்லியிருந்தார். சரிக்கா என்று தலையாட்டியவன், ஒரு சனிக்கிழமை அவர் கடைவீதிக்குப் போன நேரம் பார்த்து அந்த மென்பொருளை ஏற்றினேன்.

என் புராஜெக்ட் ஃபோல்டரைக் காட்டுவதற்குப் பதில், அவசரத்தில், மையத்தின் ஃபோல்டர்கள் எல்லாம் அடங்கிய பெரிய ஃபோல்டரைக் காட்டித் தொலைத்தேன். அது பாட்டுக்கு ஓடி முடித்தது. பார்த்தால், எல்லார் ஃபோல்டர் மேலும் பச்சை நிறத்தில் ஒரு டிக்! எப்படி எடுப்பது என்று தேட ஆரம்பித்தேன். அதற்குள் அக்கா வந்துவிட்டார்.

"அட, லட்சணமா இருக்குதே. நீதான் வச்சியா?" என்றார்.

"ஆமாக்கா, பாக்க அழகா இருக்கட்டும்னு" என்றேன். கூச்சமே இல்லாமல் பாராட்டை வாங்கிக்கொண்டேன். புராஜெக்ட் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. அண்ணாகிராமம் பக்கமிருந்து ஒரு முந்திரி விவசாயி வந்தார். தன் மகளுக்காக ஒரு வருடமாக எங்கள் மையத்துக்கு நடந்துகொண்டிருப்பவர். அன்றைக்கு சிதம்பரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. போனிலேயே நட்சத்திரப் பொருத்தம் பார்த்தாகிவிட்டது. ஜாதகத்தை நேரில் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. பழைய ஜாதகம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்துவிட்டதால் புதிதாக எழுதி வாங்கி வந்திருந்தார். "பழச ஆத்துல வுட்டுட்டேன் தம்பி. கிழிஞ்சத வூட்ல வச்சிருக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றார். நான் புதியதை ஸ்கேன் செய்து, பழைய படம் இருந்த இடத்தில் அதே பெயரில் போட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா, மாமா, இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். முகமெல்லாம் சிரிப்பாகத்தான் வந்தார்கள். அக்கா வழக்கம்போல மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். வரிசையாகப் பச்சை டிக் போட்ட ஃபோல்டர்கள். நடுவில் ஒன்றில் மட்டும் சிவப்பு வட்டம், உள்ளே ஆச்சரியக்குறி. அந்தப் பெண்ணின் ஃபோல்டர்.

அந்த மென்பொருளின் கணக்கில் பச்சை என்றால் மாற்றமில்லை, சிவப்பு என்றால் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் எங்கள் மையத்தில் சிவப்புக்கு வேறு அர்த்தம் உண்டு. அக்காவுக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது. செவ்வாய் தோஷம் என்று ஜோசியர் சொல்லிவிட்டால், அந்தக் காகித ஃபைலின் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு சுழி போட்டு வைப்பார். மையத்துக்கு வந்து போகிறவர்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

"செவப்பு போட்டிருக்குது? தோஷ ஜாதகமா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

பெண்ணின் அப்பா பதறிப்போனார். "ஐயோ, அதெல்லாம் கெடயாதுங்க. சுத்த ஜாதகம்."

"அப்ப புதுசா எழுதி எடுத்துக்கிட்டு வருவானேன்? பழசு எங்க?" அவர் கையிலிருந்த புதுக் காகிதத்தைப் பார்த்துக் கேட்டார் அந்த அம்மா.

"ஆத்துல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அக்கா என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி இது?" அவரோடு சேர்ந்து பெண்ணின் அப்பாவும் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கதான ஏத்துனீங்க. சொல்லுங்க தம்பி."

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'நான் தெரியாமல் ஒரு மென்பொருளைப் போட்டுவிட்டேன், அதனால் வந்த குறி' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தப் பெண்ணின் வீட்டில் தாம்பூலம் மாற்றியிருப்பார்கள். எனக்குப் போவது ஒரு வார இறுதி வேலையும் கொஞ்சம் மானமும்தான். நான் கீபோர்டைப் பார்த்தபடி, "தெரியலக்கா, பாக்கணும்" என்றேன்.

அவர்கள் எழுந்துவிட்டார்கள். காபி அப்படியே ஆறிக் கிடந்தது. பெண்ணின் அப்பா ஜாதகத்தை மடித்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அக்கா சமையற்கட்டுக்குப் போனதும், திருடன் தடயத்தை அழிப்பதுபோல வேலையில் இறங்கினேன். அந்த மென்பொருள் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு குட்டி ஃபோல்டரை ஒளித்து வைத்திருந்தது. எல்லாவற்றையும் தேடி எடுத்து அழித்தேன். மென்பொருளையும் நீக்கினேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் ஒரு பச்சையும் இல்லை, ஒரு சிவப்பும் இல்லை. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அக்கா வந்து கேட்டபோது, "வைரஸ்க்கா, சரி பண்ணிட்டேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்து உடனே சிதம்பரத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா பேசியது எனக்கே கேட்டது. "காலையில தோஷம், மத்தியானம் வைரஸா? அந்தப் பழைய ஜாதகத்தக் காட்டுங்க, நம்புறேன்."

மறுநாள் கல்லூரி கேன்டீனில் நண்பனிடம் இதைச் சொன்னேன். வேடிக்கைபோலத்தான் ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே வந்தவன் டீயைக் கீழே வைத்தான்.

"மச்சான், அது பழைய காப்பிய உள்ளயே வச்சிருக்குமேடா. அந்த ஒளிஞ்சிருந்த ஃபோல்டர்லதான இருந்திருக்கும். அத எடுத்துக் காட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே, ஏன்டா அழிச்ச?"

பழையதைப் பத்திரமாக வைப்பதுதானே அதன் வேலை! புராஜெக்டுக்கு அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதியவன் நான். ஆற்றில் போன அந்த ஜாதகத்தின் படம் உலகத்திலேயே அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது. அந்த அப்பா பொய் சொல்லவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே அழித்திருந்தேன். அன்று வகுப்புக்குப் போக முடியவில்லை. நேராக ஊர் திரும்பி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்தார். பிறகு, "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவுங்ககிட்ட போய்ச் சொல்லு" என்றார்.

அன்றைக்கே முதலில் திரும்பவும் சிதம்பரம் போனேன். மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். "உன்ன யாரு இப்பிடிப் பேசச் சொல்லி அனுப்புனது?" என்றார். என்னிடம் காட்ட எதுவும் இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நேற்று வாயைத் திறக்காதவன் இன்று வந்து கதை சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

அடுத்து பண்ருட்டி வழியாக அண்ணாகிராமம். பெண்ணின் அப்பா கட்டிலில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். "அப்ப நெசமாவே ஒண்ணும் இல்லியா?" என்று இரண்டு முறை கேட்டார். அவருக்கே சந்தேகம் வந்து, அதற்குள் ஒரு ஜோசியரிடம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாராம். அந்தப் பெண் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் இருப்பார். "அப்பா உங்களக் கேட்டாராமே. அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கல்லூரிக்குப் போகக் கடலூரில் மாயவரம் பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். "தம்பி, இங்க வாங்க" என்று ஒரு குரல். அந்தப் பெண்ணின் அப்பாவேதான். நெற்றியில் விபூதி, மடியில் ஒரு பூக்கூடை. தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு, செவ்வாய்க்குப் பரிகாரம் செய்ய என்றார். ஒன்பது வாரம் போக வேண்டுமாம்.

"அதான் தோஷம் இல்லன்னு சொன்னேனே..." என்றேன்.

"எனக்குத் தெரியும் தம்பி. ஊரு பூரா பேச்சு பரவிடிச்சு. இல்ல இல்லன்னு சொன்னா ஜாஸ்தியாதான் பேசறாங்க. பரிகாரம் பண்ணிட்டோம்னு சொன்னா வுட்டுடுவாங்கல்ல?" என்று சொல்லிவிட்டு, "பரீட்சையெல்லாம் எப்ப?" என்று விசாரித்தார்.

சிதம்பரம் வரைக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அந்த ஒரு மணி நேரத்தைப்போல என் வாழ்க்கையில் நான் கூனிக் குறுகியதில்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட பரவாயில்லை என்றிருந்தது.

மறுவருடம் அந்தப் பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் முடிந்ததாக அக்கா சொன்னார். கேட்டு நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனால் அந்த நிம்மதியில் எனக்குப் பங்கில்லை. இப்போது நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் இதேபோலத் தப்பான ஃபோல்டரைக் காட்டிவிட்டு வந்து நிற்பார்கள். அந்த ஒளிந்திருக்கும் ஃபோல்டரை எப்படி நீக்குவது என்று சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம், "அழிக்கிறதுக்கு முன்னாடி, நீதான் பண்ணேன்னு போய்ச் சொல்லிட்டு வா" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். ஏன் என்று அவர்கள் கேட்டால், காரணத்தைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வருவதில்லை.