என் பாஷைக்குப் பொருள் சொன்ன ஞானமணி அக்கா

ஞானமணி அக்கா போய்விட்டார் என்று மூதூரிலிருந்து அவருடைய மருமகள் டெலிபோன் எடுத்தபோது, நான் குசினியில் சூரை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் திறப்பையும் கொண்டு போய்விட்டார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். லிங்கநகர் ஜெபவீட்டில் ஒருவர் ஆவியில் நிறைந்து, யாருக்கும் விளங்காத அந்நியபாஷையில் பேசினால், இன்னொருவர் எழும்பித் தமிழில் பொருள் சொல்லவேண்டும். பொருள் சொல்லும் வரம் அக்காவுக்கு. பேசும் வரம் எனக்கு என்றார்கள்.

எனக்கு அந்த வரம் இல்லை. அக்காவின் நினைவு மலரில் இதை எழுதுவதற்கு என்னை மன்னிக்கவேண்டாம், வாசியுங்கள்.

அது மூன்று நாள் உபவாச ஜெபம். எல்லாருக்கும் அபிஷேகம் கிடைத்துப் பாஷை வந்துவிட்டது. நான் மட்டும் முழங்காலில். பெறாமல் எழும்ப விடமாட்டார்கள். சுற்றி நின்று, தலையில் கைவைத்து, "நாக்கை விடுங்கோ, நாக்கை விடுங்கோ" என்றார்கள். பசி. முழங்கால் நோ. என் மனுசன் துறைமுகத்தடியில் மீன் விற்றவர். அவர் கூவுகிற பெயர்களை உடைத்துக் குழைத்து வேகமாக விட்டேன்: சூரை, பாரை, கீரி, கும்பிளா. அல்லேலூயா என்றது சபை. இனி வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தேன். அக்கா எழும்பினார்.

"இஞ்ச ஒருத்தி நெஞ்சில கட்டியை மறைச்சு வைச்சிருக்கிறாள். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகட்டாம்."

கட்டி எனக்குத்தான். மனுசனுக்கும் சொல்லாத கட்டி. போனேன். வெட்டி எடுத்தார்கள். இன்றைக்கும் இருக்கிறேன்.

காயம் ஆறியதும் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்: "அது மீன் பேர் அக்கா. பொய்."

"தெரியும். நானும் உன்ர மனுசனிட்டத்தானே மீன் வாங்கிறனான்."

"அப்ப கட்டி?"

"கொடியில உடுப்புப் போடேக்க உன்ர இடக்கை எழும்பேல்லை. நேர கேட்டாச் சொல்லியிருப்பியோ?"

"இனி நான் பேசமாட்டன்."

"நீ பேசாட்டி நான் எதுக்கடி பொருள் சொல்லுறது? பின்வீட்டுக்காரன்ர மனுசிக்கு முகமெல்லாம் வீக்கம். நான் சொன்னா அவன் கேப்பானோ? கர்த்தர் சொன்னாக் கேப்பான்."

அடுத்த ஞாயிறு பேசினேன், அக்கா பொருள் சொன்னார். அவன் கை ஓங்குவதை விட்டான். பிறகு எப்படி நிறுத்துவது? ஆவியானவருக்குப் பொய் சொன்ன புருஷனும் பெண்சாதியும் விழுந்து செத்த கதை வேதத்தில் இருக்கிறது. அதை வாசிக்கிற நாளில் நான் வாசலடியில் இருந்துகொள்வேன், தூக்கிக்கொண்டு போக லேசாக இருக்கட்டும் என்று.

என் தம்பி மெதடிஸ்ட்காரன். "அந்த வரமெல்லாம் அப்போஸ்தலர் காலத்தோட முடிஞ்சுது அக்கா" என்று தேத்தண்ணி குடித்தபடி என்னிடம் சொன்னான். ஒரு வருஷம் அவனோடு கதைக்கவில்லை. அவன் சொன்னது சரியாக இருந்தால் நான் யார்?

கடைசியாக, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஞானமணி அக்காவிடம் தம்பி சொன்னது சரியோ என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"முடிஞ்சுதோ முடியேல்லையோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஒண்டு கேள். உனக்குத் தோள் நோவெண்டுதான் நான் நினைச்சனான். அதைச் சொல்லத்தான் எழும்பினனான். கட்டியெண்டு வாய் சொல்லிப்போட்டுது."

அதுவரை நான் பொய்க்காரி என்றாவது எனக்குத் தெரிந்திருந்தது. அதையும் எடுத்துவிட்டார்.

அடக்கத்தின்போது பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "அம்மா, ஆவியில பேசுங்கோ."

"பொருள் சொல்ல ஆளில்லாட்டிப் பேசாமல் இருக்கச் சொல்லித்தானே வேதத்தில இருக்கு, பாஸ்டர்." தப்பினேன் என்று நினைத்தேன்.

பாஸ்டரின் மனைவி முன்னுக்கு வந்தார். "நான் சொல்லுறன் அம்மா. அக்கா எனக்கு அந்த வரத்தை விட்டிட்டுப் போயிருக்கிறா."

எல்லார் கண்ணும் என் வாயில். பெட்டி மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். சூரையும் பாரையும் நாக்கடியில் வந்து நின்றன. வாயைத் திறந்தேன்.

"அக்கா" என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பொருள் சொல்ல ஒருவரும் எழும்பவில்லை.

போங்கள் அக்கா. கட்டியென்று சொன்னது ஆர் என்று அங்கே கேட்டு வையுங்கள். நான் வந்து கேட்பேன். அதுவரைக்கும் உங்களோடு எனக்குக் கோபம்தான்.