சட்டாம்பிள்ளையும் ஏழாவது வளைவும்

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்பதை இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கார் பந்தய அணியின் பட்டறையில் தலைமை மெக்கானிக்காகச் சேர்ந்த முதல் வாரமே சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி அதில் ஒன்பது விதிகளை எழுதினாள். இரண்டாவது வாரம் முதுகுக்குப் பின்னால் ‘சட்டாம்பிள்ளை’ ஆனாள். மூன்றாவது வாரம் முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வாத்தியார் இல்லாத நேரத்தில் வகுப்பைக் கட்டி மேய்க்கிறவர்தானே சட்டாம்பிள்ளை, இங்கேயும் அதே பிழைப்புதானே என்றாள்.

ஒன்பதில் எட்டு விதிகள் எந்தப் பட்டறையிலும் இருப்பவைதான். எடுத்த ஸ்பானரை எடுத்த இடத்தில் வை, இறுக்கிய போல்ட்டில் பெயின்ட் கோடு போடு, அந்த மாதிரி. ஒன்பதாவதுதான் அவளுடைய சொந்தச் சரக்கு. காரை உடைத்துக்கொண்டு வருகிற டிரைவர், அது சரியாகும்வரை மெக்கானிக்குகளோடு நின்று தன் கையாலேயே வேலை செய்ய வேண்டும்.

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லவேண்டும். பந்தயம் முடிந்ததும் டிரைவர் ஹெல்மெட்டைக் கழற்றி யார் கையிலாவது திணித்துவிட்டுப் போய்விடுவார். நொறுங்கிய முன்பக்கத்தை வைத்துக்கொண்டு மெக்கானிக்குகள் நாலு நாள் முதுகொடிய உழைப்பார்கள். ஒன்பதாவது விதி வந்த வருடமே உடைசல் பாதியாகக் குறைந்தது. வேறு அணிக்காரர்கள்கூட வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெருமையைக் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

போன வருடம் அணிக்கு டிரைவர் தேவைப்பட்டபோது தன் தம்பியின் பெயரைச் சொன்னதும் அவள்தான். அவளைவிட எட்டு வயது இளையவன். வேறொரு சிறிய அணியில் ஓட்டிக்கொண்டிருந்தான், நல்ல வேகக்காரன் என்று பேர் எடுத்திருந்தான். தரைக்கல் கடை வைத்திருந்த முதலாளி, கடையில் சம்பாதித்ததையெல்லாம் பந்தயத்தில் கொண்டுவந்து கொட்டுகிற மனிதர், அவனுடைய நேரங்களைப் பார்த்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார்.

இந்த வருடம் ஆறு பந்தயம் முடிந்திருந்தது. ஒன்பதாவது இடம், பதினொன்று, பத்து, மறுபடி பதினொன்று, பன்னிரண்டு, பத்து. அணியில் யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது, அவ்வளவுதான். அக்கா இருக்கிறவரைக்கும் தம்பிக்கு என்ன கவலை என்று டயர் கழுவுகிற இடத்தில் யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது. யார் என்று அவள் தேடிப் போகவில்லை. வெளியாளாக இருந்தால் தானும் அதையேதான் சொல்லியிருப்போம் என்று அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை முதலாளி பட்டறைக்கு வந்தார். சுற்றி வளைக்கவில்லை. இந்த வருடத்தில் இன்னும் இரண்டு பந்தயம் பாக்கி. வேறு ஒரு டிரைவரைப் பார்த்து வைத்திருக்கிறார், இருபத்திரண்டு வயது. வியாழக்கிழமை பந்தயத் தடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறார். ஒரே கார், ஒரே மாதிரி டயர், ஆளுக்குப் பதினைந்து சுற்று. யார் வேகமோ அவருக்குத்தான் சீட்.

தம்பி தலையாட்டினான். “அக்கா என்ன சொல்றாளோ அப்படியே செஞ்சுக்கலாம் சார்” என்றான். அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தன் சீட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு மனிதன் அக்காவைக் கைகாட்டுவானா?

செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கார் ஓடும்போது டிரைவரின் கால் எப்போது ஆக்சிலேட்டரை மிதித்தது, எப்போது விட்டது என்று ஒவ்வொரு அடிக்கும் கோடு விழும். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நேர்த்தடத்தில் குறையில்லை. பிரேக் பிடிப்பதில் குறையே இல்லை, அவனைப் போலப் பிரேக் பிடிக்கிறவர்கள் அந்தப் பந்தயங்களிலேயே இரண்டு பேர்தான் இருப்பார்கள். வளைவுகளில்தான் ஏதோ இடித்தது. வளைவின் உள் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பதித்திருக்கும் கட்டைமேல் சக்கரத்தை ஏற்றி இறக்கினால்தான் நேரம் மிச்சமாகும். அவன் கட்டைக்கு ஒரு முழம் முன்னால் காலைத் தூக்கிவிடுகிறான். ஒரு வளைவில் அல்ல, கட்டை உயரமாக இருக்கும் எல்லா வளைவிலும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, சுற்று முடிவதற்குள் ஒன்றரை வினாடி காணாமல் போய்விடுகிறது.

எப்போதிலிருந்து இப்படி என்று பின்னோக்கிப் போனாள். போன வருடம் மூன்றாவது பந்தயம்வரை கோடு சுத்தமாக இருந்தது. நான்காவதிலிருந்து கோட்டில் பள்ளம். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவள் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. மூன்றாவது பந்தயத்தின் ஏழாவது வளைவில் கட்டைமேல் ஏறி, முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மை வளைத்துக்கொண்டு வந்தான். அது பொருந்துகிற இடமும் கிழிந்துபோயிருந்தது. ஒன்பதாவது விதிப்படி மூன்று நாள் அவனை நிற்க வைத்தாள். தம்பி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே மற்றவர்களைவிடக் கூடுதலாக விரட்டினாள். வெல்டிங் சரியில்லை என்று இரண்டு முறை வெட்டிப் போட்டு மறுபடி செய்யச் சொன்னாள்.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட விதி, சொந்தத் தம்பியின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது அவளுக்கு. அதைவிட, இவ்வளவு நாள் அவனைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தோம் என்பது வலித்தது.

தம்பியைக் கூப்பிட்டுக் கோடுகளைக் காட்டினாள். நான் காலை எடுப்பதே இல்லை என்று முதலில் சாதித்தான். பிறகு கோட்டில் பள்ளம் விழுந்த இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தான்.

“கட்டையைப் பார்த்தா எனக்குக் கட்டை தெரியலக்கா. அந்தப் போல்ட்டுங்கதான் தெரியுது. அப்புறம் உன் மூஞ்சி.”

அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய் ஈரத்துணியை எடுத்துப் பலகையில் ஒன்பதாவது விதியை அழித்தாள். மற்ற இரண்டு மெக்கானிக்குகளையும் கூப்பிட்டு, இனி டிரைவர் பட்டறையில் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது, உடைந்தால் நம் பாடு என்றாள். அவர்கள் முகம் போன போக்கை அவள் பார்க்காததுபோல இருந்துகொண்டாள்.

வியாழக்கிழமை காலை புதியவன் முதலில் ஓட்டினான். மரியாதை தெரிந்த பிள்ளை. ஏறுவதற்கு முன் எல்லோருக்கும் வணக்கம் சொன்னான், இறங்கியதும் எல்லோருக்கும் நன்றி சொன்னான். ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு புள்ளி ஆறு வினாடி. முதலாளி அதைத் தாளில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

அடுத்தது தம்பி. ஏழு சுற்று ஓட்டினான். எதிலும் ஒரு நிமிடம் ஐம்பது வினாடிக்குக் கீழே வரவில்லை. பலகையில் அழித்தது அவன் காலுக்குத் தெரியவில்லை. எட்டாவது சுற்றுக்குப் போக வேண்டியவனை அவள் ரேடியோவில் உள்ளே கூப்பிட்டாள்.

இறங்கச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி உட்கார வைத்தாள். காரை ஜாக்கில் ஏற்றி இடது முன்சக்கரத்தைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார்கள். பிறகு மூலையில் கிடந்த பெரிய சம்மட்டியை எடுத்துவந்து லோயர் ஆர்ம்மேல் ஓங்கி ஒரு அடி வைத்தாள். முதல் அடிக்கு அது அசையவில்லை. நாலாவது அடியில் வளைந்தது. ஆறாவதில் யாருக்கும் சந்தேகம் இல்லாதபடி கெட்டது.

டீ குடித்துக்கொண்டிருந்த முதலாளி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார். இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று மெக்கானிக்குகளைத்தான் கேட்டார், அவளைக் கேட்கத் தைரியம் வரவில்லை. தம்பி பாதி எழுந்துவிட்டான், கை தானாகவே ஸ்பானர் பெட்டிப் பக்கம் நீண்டது.

“உக்காரு” என்றாள். “உன் வேலை பாக்குறது மட்டும்தான்.”

அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்திருப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள். அவளும் இரண்டு மெக்கானிக்குகளுமாகப் பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய ஆர்மைப் பொருத்தினார்கள். சக்கரத்தின் கோணத்தை அளந்து சரிசெய்தார்கள். ஒருவருக்கொருவர் கிண்டல் செய்துகொண்டே செய்தார்கள். சட்டாம்பிள்ளை சம்மட்டி எடுத்த கதையைப் பேரன் பேத்திக்குச் சொல்லப்போவதாக ஒருவன் சொன்னான், முதலில் கல்யாணம் பண்ணு என்றான் இன்னொருவன். கடைசிப் போல்ட்டில் பெயின்ட் கோடு விழுந்தபோது நாற்பத்தோரு நிமிடம் ஆகியிருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தம்பியின் முன்னால் போய் நின்றாள்.

“உடைஞ்சுது. நாப்பத்தோரு நிமிஷத்துல சரியாச்சு. யாரும் சாகல, நானும் உன்னைத் திட்டல. இன்னும் ரெண்டு ஆர்ம் ஸ்பேரா இருக்கு. ரெண்டையும் உடைச்சிட்டு வா.”

மிச்சமிருந்த எட்டு சுற்றில் முதல் மூன்று பழைய கதைதான். நான்காவதில் ஏழாவது வளைவுப் பக்கமிருந்து கட்டைமேல் சக்கரம் ஏறி விழுகிற சத்தம் அவர்கள் நின்ற இடம்வரை கேட்டது. கடைசிச் சுற்றில் ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு புள்ளி ஒன்பது வந்தது.

அப்போதும் பத்தில் மூன்று பங்கு வினாடி பின்னால்தான். முதலாளி தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சொன்ன சொல்படி பார்த்தால் சீட் புதியவனுக்குப் போக வேண்டும், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று அவள் இரண்டு நாளாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். தம்பிக்காகக் கெஞ்சக் கூடாது. உண்மையை மென்று விழுங்கவும் கூடாது. எல்லோருக்கும் கேட்கிறமாதிரியே சொன்னாள்.

“அவன் என் தம்பி, அதனால நான் சொல்றதுல பாதியைக் கழிச்சுக்குங்க. ஆனா ஆறு ரேஸ்ல தோத்தது அவன் கால் இல்ல சார், என் சட்டம். அதைப் போட்டவ நான். அவனுக்குன்னு இதுவரைக்கும் கிடைச்சது இன்னிக்குக் கிடைச்ச எட்டு சுத்துதான். அதுல ஒண்ணரை செகண்டுகிட்டக் குறைச்சிருக்கான். இதை எழுதிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. தூக்கியே ஆகணும்னா என்னைத் தூக்குங்க.”

தலைமை மெக்கானிக் இப்படி ஒப்புக்கொள்வதை மெக்கானிக்குகள் கேட்டதில்லை. இருவரும் தரையைப் பார்த்தார்கள். முதலாளி வியாபாரி, உருகிவிடவில்லை. பாக்கியிருக்கும் இரண்டு பந்தயத்தையும் இவனே ஓட்டட்டும், ஒன்றிலாவது முதல் ஆறு இடத்துக்குள் வரவேண்டும், வராவிட்டால் அடுத்த வருடம் புதியவன்தான் என்றார். புதியவனிடமும் அதையே நேரில் சொன்னார். அவன் அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

முதல் பந்தயத்தில் ஏழாவது இடம். ஓரிடம் தவறிப்போனது. அன்று காரில் பெரிதாக எதுவும் உடையவில்லை என்பதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது.

கடைசிப் பந்தயத்தில் பதினொன்றாவதாகப் புறப்பட்டான். எட்டாவது, ஏழாவது என்று ஏறியதை அவள் தடுப்புச் சுவரோரம் நின்று விரல்விட்டு எண்ணினாள். ஆறாவது இடத்துக்காக அவன் எடுத்த வளைவில் கட்டைமேல் கார் இரண்டு சக்கரத்தில் நின்றுவிட்டு விழுந்தது. அதற்குமேல் அவளால் எண்ண முடியவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது ஐந்தாவதாகக் கோட்டைத் தாண்டியிருந்தான்.

கார் உள்ளே வந்து நின்ற கோலத்தைப் பார்க்கவேண்டுமே. முன் பம்பர் இல்லை. ஒரு பக்கக் கண்ணாடி ஒயரில் தொங்கியது. இடது முன்சக்கரம் வீட்டைப் பார்த்தால் வலது சக்கரம் வாசலைப் பார்த்தது. ஒரு வாரத்துக்கு வேலை இருக்கிறது என்று மெக்கானிக்குகள் தலையில் கைவைத்தார்கள். அந்த உடைசலைப் பார்த்து அந்த இடத்தில் சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்திதான். காரை ஜாக்கில் ஏற்றச் சொல்லி ஸ்டாண்டு வைத்துவிட்டு, சக்கரம் வைத்த படுக்கைப் பலகையைப் போட்டு மல்லாந்து அடியில் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் முதலாளியின் செருப்பு காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. குனிந்து கேட்டார். அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதவேண்டும், ஆனால் அந்தப் பையனும் நல்ல வேகம், விட மனசில்லை. நீயே ஒரு வார்த்தை சொல், தம்பியா, அவனா?

“அவனையே கேளுங்க சார். நான் வேலையில இருக்கேன்.”

செருப்பு திரும்பியது. இரண்டடி தள்ளித் தம்பியின் பந்தய ஷூ நின்றுகொண்டிருந்தது. அக்கா என்ன சொல்றாளோ என்று ஆரம்பித்துவிடுவானோ என்று அவள் ஸ்பானரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“சீட் என்னோடது சார். அந்தப் பையனுக்கு வேணும்னா என்னை முந்திட்டு வந்து எடுத்துக்கட்டும். நானா விட மாட்டேன்.”

அடியில் மல்லாந்து கிடந்தவளுக்குக் கண்ணீர் பொங்கி இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை. வளைந்த ஆர்மில் இன்னும் இரண்டு போல்ட் கழற்ற வேண்டியிருந்தது.