ஒரு தறி, இரண்டு காய்ச்சல்

தடுப்பூசி வேலையில் சுலபமான பகுதி ஊசியைக் குத்துவதுதான். குத்துவதற்கு ஒரு கை கிடைப்பதற்குள் நம் உயிர் போய்விடும். மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக அலைந்தவர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த கையோடு, ஆரணியின் நெசவாளர் தெரு ஒன்றில் நர்ஸான நான் பட்ட பாடு இது.

எழுந்திருக்காத மனிதர்

நெசவாளி சபாபதி மூச்சிழுப்பு நோய்க்காரர். அவர் அண்ணனைக் கொரோனா கொண்டுபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த அலைக்குள் இவருக்கு ஊசி போட்டே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். அவரோ தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தறியில் ஏற்றும் பட்டு நூலுக்குப் பாவு என்று பெயர்; அதை முதலாளி கொடுத்தால்தான் அவருக்கு வேலை.

"பயமெல்லாம் இல்ல நர்சம்மா. ஊசி போட்டா ரெண்டு நாள் ஜொரம். கல்யாணப் பொடவை லேட்டானா அடுத்த பாவை முதலாளி வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு. அப்பறம் மூச்சு இருந்து இன்னா பண்றது?"

என் அபார யோசனை

மறுநாள் துள்ளிக்கொண்டு போனேன். இன்று சபாபதிக்கு ஊசி, அவர் எழுந்ததும் மனைவி தேவகிக்கு. தறி நிற்கவே நிற்காது! தேவகி விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு பக்கமும் வேறு நிறக் கரை வைத்த புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டுமாம். இத்தனை வருடம் அந்தத் தெருவில் நடந்தவளுக்கு இது தெரியவில்லை.

"அவரு படுத்தா நான் சும்மா குந்திகினு இருக்கணும், நான் படுத்தா அவரு. நாலு நாள் போச்சு! ரெண்டு பேருக்கும் ஒண்ணா குத்துங்க, ஜொரம் ஒண்ணா வந்து ஒண்ணா போவட்டும்!"

முதலாளியின் ரகசியம்

எனக்குப் பொறி தட்டியது. தெரு முழுக்க ஒரே நாளில் போட்டால்? எல்லாத் தறியும் சேர்ந்து நின்றால், முதலாளி பாவை யாரிடம் தூக்கிக் கொடுப்பார்? கடைக்கு ஓடினேன். முதலாளி முகூர்த்த தேதிகளை அடுக்கினார். "கொரோனால போன சபாபதியோட அண்ணன், அவர் தறி ஒரு மாசமா நிக்குதே, அது எந்த முகூர்த்தத்துக்குங்க?" என்று கேட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் கேட்டது கேட்டதுதான். முதலாளி தேதி நோட்டை மூடி வைத்தார். பிறகு தெருவுக்கே இரண்டு நாள் லீவு விடுவதாக ஒப்புக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நானே இன்னும் போட்டுக்கலம்மா, ஊசின்னா எனக்கு ஒதறும். தெருவுல யாருக்கும் சொல்லிடாதீங்க."

வராத கூட்டம்

தெருவுக்கு வெளியே பள்ளிக்கூடத்தில் முகாம். மருந்துக் குப்பியைத் திறந்துவிட்டேன். திறந்தால் சில மணி நேரத்தில் பத்துப் பேருக்குப் போட்டாக வேண்டும். பதினோரு மணிவரை ஒரு ஈ காக்கை இல்லை! தெருமுனைக்கு ஓடினால், வேப்பிலைத் தோரணத்துக்கு அந்தப் பக்கம் தெருவே திரண்டு நிற்கிறது. அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்காக நேற்றே காப்புக் கட்டிவிட்டார்களாம். காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை யாரும் எல்லை தாண்டக் கூடாது என்பது அந்தத் தெருவின் கட்டுப்பாடு. ஊரடங்கில் தடுப்புக் கட்டையைத் தாண்டிக் குதித்த அதே ஜனங்கள், ஒரு தோரணத்தைத் தாண்டாமல் நிற்கிறார்கள்! கோபிப்பதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. தேவகிதான் கத்தினார்.

"நாங்கதானே வரக் கூடாது? பெட்டிக்கு யாரு காப்புக் கட்டினாங்க? ஜல்தியா எடுத்துகினு வாங்க!"

கோயில் வாசலில்

மேஜை, பெட்டி, நான் எல்லாம் ஓட்டமாக ஓடினோம். கோயில்காரர்கள் பந்தல் நிழலைக் கொடுத்தார்கள். வரிசையில் முதல் ஆள் யார் தெரியுமா? கண்ணை இறுக்க மூடிய முதலாளி! அவருக்குப் பின்னால் சபாபதியும் தேவகியும். சபாபதியின் கையில் ஊசி இறங்கியபோது என் கண் கலங்கிவிட்டது. இரண்டு நாள் தெருவே போர்த்திக்கொண்டு படுத்தது. மூன்றாம் நாள் காலையில் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம்.

மூன்றாம் அலை சபாபதியையும் விடவில்லை. பதறி ஓடினேன். வாசலில் தேவகி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மறுபடி தறி நின்னுது நர்சம்மா, இந்த வாட்டி நாலு நாள். நிக்கட்டுமே! ஆளு உள்ள குந்திகினு, கஞ்சிக்கு உப்பு பத்தலன்னு கத்தறாரு."

அரசாங்கம், அம்மன், முதலாளி மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் ஊசி போடுவது ஒன்றும் பெரிய வேலையில்லை என்பதுதான் நான் கற்ற மருத்துவம்.