மூன்றாவது குரல்

முதல் குரலை முனிரத்தினம் கோர்ட் வாசற்படியில் நின்று கொடுப்பார். இரண்டாவதை வராந்தாவின் கோடிக்கு நடந்துபோய், வேப்பமரத்தையும் டீக்கடையையும் பார்த்துக் கொடுப்பார். மூன்றாவதுதான் சங்கதி. அதற்கு முன்னால் தலைப்பாகையைச் சரிசெய்வார். மார்பில் குறுக்கே கிடக்கும் சிவப்பு டவாலியை இழுத்துவிடுவார். ஜெராக்ஸ் கடைப் பக்கம் ஒரு பார்வை, கழிப்பறைப் பக்கம் ஒரு பார்வை, அப்புறம் சாவகாசமாக ஒரு செருமல். உள்ளே நீதிபதி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். மூன்றாவது குரலுக்கும் பதில் இல்லையென்றால் ஆள் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். எழுதினால் எழுதினதுதான், அதை மாற்ற வக்கீல் பின்னாலேயே செருப்புத் தேய அலைய வேண்டும். "டீ குடிக்கப் போனவன் கிளாஸக் கீழ வச்சிட்டு ஓடியாற நேரமாவது குடுக்கணும்பா" என்பது முனிரத்தினத்தின் கட்சி.

காஞ்சிபுரத்தில் ஒரு சிவில் கோர்ட்டில் அவருக்கு வேலை. சம்பளப் பட்டியலில் அலுவலக உதவியாளர் என்று இருக்கும். ஊருக்கு அவர் டவாலி. தாமல்காரர். ஏரிக்கரையில் நின்றுகொண்டு அக்கரையில் மேயும் மாட்டைத் திருப்பிப் பழகிய தொண்டை, மைக் இல்லாமலே தெருமுனை வரைக்கும் போகும். கோயில் தெருக்களில் வெளியூர் வேன்களை மறித்து, "வாங்கம்மா, பட்டு பாருங்கம்மா" என்று கூவுகிற ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. வருவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் கூப்பிடுவது என்ன கூப்பிடுவது என்று முகத்தைச் சுளிப்பார்.

இவ்வளவு பேசுகிறவர், வீட்டில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மனைவி கிருஷ்ணவேணிக்கு அது தீராத குறை. ஊரான் பேரையெல்லாம் தொண்டை கிழியக் கூப்பிடுகிற மனுஷன், கட்டினவளுக்கு மட்டும் ஒரு கைதட்டலோடு நிறுத்திக்கொள்கிறாரே என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இதற்கு முனிரத்தினத்திடம் ஒரு நியாயம் இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கிருந்தாவது ஒரு பதில் வந்தாக வேண்டும், அதனால் அதைச் சும்மா சும்மா செலவழிக்கக் கூடாது. கிருஷ்ணவேணி இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டதோடு சரி.

கொரோனா வந்தபோது முதலில் கோர்ட்டைப் பூட்டினார்கள். கொஞ்ச நாளில் கோர்ட் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. நீதிபதி ஒரு கட்டத்துக்குள், வக்கீல்கள் ஆளுக்கொரு கட்டத்துக்குள். தென்னேரியிலிருந்து ஒரு விவசாயி வீட்டில் சிக்னல் கிடைக்காமல் ஏரிக்கரையில் போய் நின்று ஆஜரானார். அவர் சொன்ன பதிலில் பாதியைக் காற்று கொண்டுபோனது. முனிரத்தினத்துக்குக் கம்ப்யூட்டரில் வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் தலைப்பாகையும் டவாலியுமாக வந்து நிற்பார். முதல் நாள், வழக்கு எண்ணை வாசித்ததும் கால் தானாக வாசலுக்குப் போய்விட்டது. ஆளில்லாத வராந்தாவைப் பார்த்து மூன்று குரலும் கொடுத்துவிட்டுத் திரும்பினார். வெளியேதான் யாருமே இல்லையே என்று எழுத்தர் சிரித்தார். "இல்லன்னு பார்த்து சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும் இல்ல?" என்றார் முனிரத்தினம்.

அந்த நாட்களில் அரசாங்கம் வாரத்துக்கு ஓர் உத்தரவு போட்டது. கடை எத்தனை மணி வரை, கல்யாணத்துக்கு எத்தனை பேர், சாவுக்கு எத்தனை பேர், பக்கத்து ஜில்லாவுக்குப் போக என்ன பாஸ் என்று நேற்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று. கோர்ட்டும் தன் பிடியைத் தளர்த்திக்கொண்டது. வர முடியாதவர் மேல் பாதகமாக உத்தரவு போடக் கூடாது என்றார்கள். மனுப் போடுகிற கெடுவில் இந்த நாட்களைச் சேர்க்க வேண்டாம் என்று டெல்லியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கெடு தப்பிவிட்டதே என்று பதறிக்கொண்டு கேட்டுக்கு வந்தவர்களை முனிரத்தினம்தான் தேற்றி அனுப்பினார். "வெளிய நாளு ஓடிக்கினு இருக்குது. கோர்ட்டுக்குள்ள நின்னு போச்சு. பயப்படாம வூட்டுக்குப் போ."

இரண்டாம் அலை அடங்கிக் கோர்ட் மறுபடி திறந்தபோது வக்கீல்களுக்கு மட்டும்தான் உள்ளே இடம். கட்சிக்காரர்கள் முற்றத்தில் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். எல்லோருக்கும் முகக்கவசம். சுவரில் ஒட்டிய அந்த உத்தரவை முனிரத்தினம் அளவுக்குக் கட்டிக் காத்தவர் இல்லை. மூக்குக்குக் கீழே இறக்கியவர் பெரிய வக்கீலாக இருந்தாலும் விடமாட்டார், தனக்கும் விலக்குக் கொடுக்க மாட்டார். குரல் கொடுக்கும்போதுகூட ஒரு விரற்கடை இறக்கியதில்லை. தாமல் ஏரியைத் தாண்டிய குரல் இரண்டடுக்குத் துணியில் சிக்கி, கூப்பிடுகிற பேரில் பாதி துணிக்குள்ளே, பாதி வெளியே என்று வந்தது.

பட்டியலில் அப்போது செத்தவர்களும் இருந்தார்கள். இவர் கூப்பிடுவார். கூட்டத்திலிருந்து யாராவது, "அவரு பூட்டாருபா" என்பார்கள். அப்படியும் மூன்று குரலைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போய்ச் சொல்லுவார். அப்படி அவர் கூப்பிட்ட பேர்களில் ஒன்று, மாகறல் ஜான்சன்.

ஜான்சன் சென்ட்ரிங் வேலைக்காரர். கட்டடம் கட்டடமாகப் பலகை சுமந்து சேர்த்த காசில் மாகறலில் ஒரு வீட்டுமனை வாங்கியிருந்தார். பக்கத்து மனைக்காரர் அதையும் தன்னுடையது என்று வேலி போட, ஜான்சன் வழக்குப் போட்டார். அந்த வழக்கு பாதி நடக்கும்போதே கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு மூன்றாவது குரல் முடிந்ததும் முற்றத்துச் சுவரோரத்திலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். பேர் என்ன என்று முனிரத்தினம் கேட்டார்.

"ஜான்சன் வூட்டுக்காரி."

"அது பேர் இல்லம்மா. உன் பேர சொல்லு."

கொஞ்சம் யோசித்துத்தான் அன்னம்மாள் என்று வந்தது. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பேரைச் சொல்லி அவரை யார் கூப்பிட்டார்கள்? இனி நீ அலைய வேண்டாம், வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று முனிரத்தினம் சொல்லி அனுப்பினார். அடுத்த வாய்தாவுக்கு அன்னம்மாள் அதே சுவரோரத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வாய்தாவுக்கும் வந்தார். ஜான்சன் பேரைக் கூப்பிட்டு முடிந்ததும் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

அந்தச் சமயம் மாற்றலாகி வந்த நீதிபதி இளவயதுப் பெண், இளகின மனசு. இறந்தவர் பேரை வாசலில் நின்று கூவினால் குடும்பத்துக்கு எப்படி இருக்கும் என்று நினைத்து, அந்தப் பேர்களை மட்டும் விட்டுவிடச் சொன்னார். முனிரத்தினமும் அது சரிதான் என்றே நினைத்தார். அன்றைக்கு ஜான்சனை விட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனார். மத்தியானம் கோர்ட் கலைந்த பிறகும் அன்னம்மாள் போகவில்லை.

"இன்னிக்கு ஏன்ணா அவர கூப்புடல?"

உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் நிறுத்தச் சொன்னார்கள் என்றார் முனிரத்தினம். அன்னம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆஸ்பத்திரியிலருந்து பையில கட்டி அப்படியே எடுத்துக்கினு பூட்டாங்கண்ணா. எனக்கும் அதே நோவு, நான் வார்டுல கெடக்கறேன். புள்ளய கேட்டாண்டயே நிறுத்திட்டாங்க. பாஸ்டர் போன்லதான் ஜெபம் பண்ணாரு. அவரு பேர சொல்லி ஒருத்தரும் அழுவல. நீங்கதான் மூணு வாட்டி கூப்டீங்க."

முனிரத்தினம் தன் ஊர்ச் சாவுகளை நினைத்துக்கொண்டார். தாமலில் ஒரு சாவென்றால் தெருமுனையில் இறங்கும்போதே பேரைச் சொல்லி அலறிக்கொண்டு வருவார்கள். மார்பில் விழுந்து, "என்னை விட்டுட்டுப் போனியே" என்று பேரைச் சொல்லியே கேட்பார்கள். அதெல்லாம் இல்லாமல் ஒரு மனுஷன் மண்ணுக்குள் போயிருக்கிறார். யார் மேல் குற்றம் சொல்வது? உத்தரவு போட்டவர்களும் உயிரைக் காப்பாற்றத்தான் போட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கை தட்டாமல், "கிருஷ்ணவேணி" என்றார். மனைவி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று.

மறுநாள் காலையில் நீதிபதியின் அறைக்குப் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் எந்த நீதிபதியிடமும் தனக்கென்று ஒன்றும் கேட்காதவர். "லிஸ்ட்டுல பேர் இருக்கிற வரைக்கும் கூப்ட்டுடறேங்கம்மா" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "ரூல் அதாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். நீதிபதி, சரி, கூப்பிடுங்கள் என்றார். அதன்பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஜான்சன் பேர் அந்த முற்றத்தில் மூன்று தடவை கேட்டது.

ஆனால் நின்றுபோன நாள் எத்தனை காலத்துக்கு நிற்கும்? டெல்லியிலிருந்து மறுபடி ஓர் உத்தரவு வந்தது. கெடு இனி ஓட ஆரம்பிக்கும். வழக்குப் போட்டவர் இறந்தால், வாரிசு மனுப் போட்டு, பட்டியலில் அவர் பேருக்குப் பதில் தன் பேரோடு வர வேண்டும். அந்தக் கெடுவுக்குள் வராவிட்டால் வழக்கும் அவரோடு போய்விடும், மனை வேலி போட்டவருக்கு. அன்னம்மாளின் வக்கீல் சத்யப்ரியா மனுவைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். அன்னம்மாள் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். கெடு கிட்டத்தில் வந்ததும் சத்யப்ரியா முனிரத்தினத்திடம் வந்து, "நீங்க சொன்னா கேப்பாங்கண்ணே, ப்ளீஸ்" என்றார்.

ஜான்சனின் பேரை எடுக்கச் சொல்லும் வேலை முனிரத்தினத்தின் தலையில் வந்து விடிந்தது. மனு போட வேண்டாம் என்றால் மனை போகும், போடு என்றால் அந்த அம்மாள் எதற்காக அவ்வளவு தூரம் பஸ் ஏறி வருகிறாரோ அது போகும். வேப்பமரத்தடியில் அன்னம்மாளை உட்காரவைத்துவிட்டு, டவாலியின் ஓரத்தை உருட்டிக்கொண்டே அவர் கேட்டார்.

"மனு போட்டா அவரு பேரக் கூப்புட மாட்டாங்கன்னு பாக்கறியாம்மா?"

அன்னம்மாள் ஆமாம் என்று தலையை அசைத்தார்.

"பலகை சொமந்து வாங்கன மனை அது. அதுவும் போச்சுன்னா அவரு பேரு எங்கம்மா தங்கும்? என் வாயிலயா? நான் இன்னும் கொஞ்ச நாள்ல ரிட்டயர் ஆயிடுவேன்."

அன்னம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கோர்ட் வளாகத்தில் அழுகிறவர்கள் உண்டு, முனிரத்தினம் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். இது வேறு அழுகை, என்றைக்கோ அழுதிருக்க வேண்டியது. அவர் எழுந்துபோய் இரண்டு டீ வாங்கிவந்தார். மறுநாள் அன்னம்மாள் கையெழுத்துப் போட்டார். மனு வந்த அன்றைக்கு முனிரத்தினம் ஜான்சன் பேரைக் கடைசியாக மூன்று முறை கூப்பிட்டார். மனு அனுமதிக்கப்பட்டது. வழக்கு இனி அன்னம்மாளுடையது.

அன்னம்மாள் சாட்சி சொல்ல வேண்டிய நாள் வந்தது. சொல்ல வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று சத்யப்ரியா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வெயில் ஏறிய நேரம். முற்றத்தில் கூட்டம், இரைச்சல். சுவரில் முகக்கவச உத்தரவு வெளுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் வாசற்படிக்கு வந்தார்.

"அன்னம்மாள்!"

பதில் இல்லை. கோடிக்குப் போய் இரண்டாவது குரலைக் கொடுத்தார். அன்னம்மாள் அங்கேதான் இருந்தார், வழக்கமான சுவரோரத்தில், மடியில் பையோடு. ஜான்சன் பேர் எப்போது வரும் என்று காத்திருக்கிறவர் மாதிரியே உட்கார்ந்திருந்தார். தன் சொந்தப் பேர் அவர் காதில் ஏறவில்லை. இறங்கிப்போய்த் தோளைத் தொட்டுச் சொல்லலாமா என்றால், டவாலி ஒரு கட்சிக்காரரைக் கைப்பிடித்து அழைத்து வந்ததாக எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபணை சொல்வார். உள்ளே சத்யப்ரியா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். நீதிபதி பேனாவை எடுத்துவிட்டார்.

முனிரத்தினம் தலைப்பாகையைச் சரிசெய்தார். டவாலியை இழுத்துவிட்டார். செருமினார். பட்டியலில் எழுதியிராத ஓர் எழுத்தைக்கூட அவர் அந்த வாசலில் சொன்னதில்லை. இரண்டு கையாலும் முகக்கவசத்தைப் பிடித்துத் தாடைக்குக் கீழே இறக்கினார்.

"மாகறல் ஜான்சன் வூட்டுக்காரி அன்னம்மாள்!"

டீக்கடையில் பேச்சு நின்றது. ரோட்டில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். சுவரோரத்தில் அன்னம்மாள் விருட்டென்று எழுந்தார். "வந்துட்டேன்ணா" என்றார், பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். அவர் படியேறி, வாசலைக் கடந்து, கூண்டில் ஏறி நிற்கும் வரைக்கும் முனிரத்தினம் முகக்கவசத்தை மேலே ஏற்றவில்லை.