ஆப்பிள் தொட்டியின் முன்னால் சொன்ன பொய்

டீச்சர், நீங்கள் பொய் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்துத் துரைசாணி உங்களை நம்பிக் கேட்டபோது, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். உங்கள் பெயரை எழுத எனக்கு இஷ்டமில்லை. மாதர் கூட்டத்தில் முதல் நாற்காலியில் உட்காருகிறவர் யார் என்று ரங்கூன் தமிழர்களுக்குத் தெரியும்.

போன கூட்டத்தில் நீங்கள் பேசியதை நானும் கேட்டேன். நம் பெண் பிள்ளைகள் பயந்தாங்கொள்ளிகள், அதனால்தான் பாதியில் படிப்பை விடுகிறார்கள் என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. நானும் பாதியில் விட்டவள். எப்படி விட்டேன் என்று எழுதுகிறேன்.

அப்போது ரங்கூன் லான்மடாப் பேட்டையில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டினார். பெண்ணுக்கு இவ்வளவு படிப்பு போதும் என்பது அவர் கட்சி. அம்மா நாள் கணக்கில் மல்லுக்கு நின்றதில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார்.

"இந்த வருஷம் ஏதாச்சும் ஒரு பிரைஸ் வாங்கியாரட்டும். மேல் கிளாஸுக்கு அனுப்புறேன். இல்லாட்டி அடுப்படிதான்."

கணக்குப் பிரைஸ் போயிற்று. தையல் பிரைஸ் எனக்குக் கனவிலும் கிடையாது. மிச்சம் இருந்தது ஹாலோவீன் விளையாட்டுப் பிரைஸ் ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்துப் பெரிய துரைசாணி ஸ்காட்லாந்துக்காரி. அக்டோபர் கடைசியில் தன் ஊர்ப் பேய் ராத்திரியை எங்களுக்குப் பகலிலேயே நடத்துவார். அவர் ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைப்பார்களாம். இங்கே நல்ல கிழங்கு கிடைக்காததால் பூசணிக்காயைக் குடைந்து வைத்திருந்தார். பர்மாக்காரர்களின் விளக்குப் பண்டிகை முடிந்த சமயம். மிஞ்சிய காகிதக் கூண்டுகளும் மேலே தொங்கின.

முதல் ஆட்டம் எழுத்து. துரைசாணி ஓர் இங்கிலீஷ் எழுத்தைக் காட்டிக் குறிப்புச் சொல்வார், அதை நீங்கள் எங்களுக்குத் தமிழில் சொல்வீர்கள். அதில் தொடங்கும் சாமானை நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். கே. அடுப்பில் இருக்கும், சூடானால் பாடும். கெட்டில் என்றேன். எச். கனத்தைத் தூக்கும், தனக்கு வலிக்காது. வக்கீல் வீட்டுப் பெண் ஹேட், தொப்பி என்றாள். நான் ஹூக், கொக்கி என்றேன். அப்பா வீட்டில் திட்டுவதே பாதி துறைமுக இங்கிலீஷில்தான்.

இரண்டாவது ஆட்டம் கேள்வி. அந்த ராத்திரியில் பிள்ளைகள் ஏன் முகமூடி போடுகிறார்கள்? பேய் பார்த்தால் தன் ஆள் என்று நினைத்து விட்டுவிடும். நெருப்பில் இரண்டு கொட்டைகளை ஏன் போடுகிறார்கள்? சேர்ந்து அமைதியாக எரிந்தால் கல்யாணம் நிலைக்கும், வெடித்துத் தெறித்தால் நிலைக்காது. துரைசாணி முந்தின வாரம் சொன்ன கதைகள்தான். நான் ஒன்றையும் விடவில்லை.

பக்கத்தில் இருந்த பர்மாக்காரச் சிநேகிதி என்னைக் கிள்ளினாள். எங்கள் தெருவிலேயே வளர்ந்ததால் தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஏண்டி, எங்க நாத்துங்க பத்தாதுன்னு வெள்ளைக்காரப் பேயையும் சேர்த்து வச்சிருக்கியா?"

நாத் என்றால் அவர்கள் கும்பிடும் ஆவிகள். "வெள்ளைக்காரப் பேய்தாண்டி பிரைஸ் குடுக்குது" என்றேன்.

மூன்றாவது ஆட்டத்துக்குத் தொட்டி வந்தது. தண்ணீரில் ஆப்பிள்கள் மிதந்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வ வேண்டும். இதை ஆடாதவளுக்குப் பிரைஸ் கிடையாது. எனக்கு முன்னால் ஒரு வரிசையே அந்தத் தண்ணீரில் வாயை வைத்துவிட்டது. கடித்துத் தவறவிட்ட பழங்கள் பல் தடத்தோடு சுற்றின. என் முறை வந்தது. உங்களிடம் தமிழில்தான் சொன்னேன், டீச்சர்.

"எல்லார் எச்சிலும் கெடக்குது டீச்சர். வேற தண்ணி, வேற பழம் வச்சா நான் கடிக்கிறேன். துரைசாணிகிட்ட சொல்லுங்க."

கடிக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. என்ன சொல்கிறாள் என்று துரைசாணி உங்களைக் கேட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டு, இவள் பேய்க்குப் பயப்படுகிறாள், இவர்கள் ஜனங்களே அப்படித்தான் என்று இங்கிலீஷில் சொன்னீர்கள். பேய், பயம், ஜனங்கள் மூன்றுக்கும் இங்கிலீஷ் வார்த்தை அன்று எனக்கு மனப்பாடம். இவர்கள் ஜனங்களாம். அன்று காலையில்கூட நீங்கள் டம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்துதான் தண்ணீர் குடித்தீர்கள். நான் சொன்னதை அப்படியே சொன்னால் நீங்களும் எச்சில் பார்ப்பவர் என்று துரைசாணிக்குத் தெரிந்துவிடுமே என்று கூச்சம். உங்கள் கூச்சத்தை என் தலையில் கட்டினீர்கள்.

"நோ அஃப்ரெய்ட்" என்று நானே சொன்னேன். எச்சிலுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. தொட்டியைக் காட்டி, வாயைக் காட்டி, தலையை ஆட்டினேன். துரைசாணி பாவப்பட்டு என் கன்னத்தைத் தட்டிவிட்டு, பிரைஸை வக்கீல் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தார்.

வெளியே வந்து உங்கள் வழியை மறித்தேன்.

"ஏன் டீச்சர் மாத்திச் சொன்னீங்க?"

"போடி. ஒரு ஆப்பிளுக்கு இவ்வளவு பேச்சா?"

அது ஆப்பிள் இல்லை. அப்பாவின் நிபந்தனை உங்களுக்குத் தெரியும். அம்மா உங்களிடம் வந்து சொல்லி, புள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தாள். தெரிந்தும் சொன்னீர்கள்.

அப்பா வாக்கு மாறாதவர். அந்த வருஷத்தோடு என் படிப்பு நின்றது. பிறகு சோறு வடித்துக்கொண்டே, கிடைத்த தாளையெல்லாம் படித்தேன். இந்த எழுத்து அப்படி வந்ததுதான். நீங்கள் கொடுத்ததில்லை.

அடுத்த கூட்டத்துக்கு நான் வருவேன், முன் வரிசையில் உட்காருவேன். என் பர்மாக்காரச் சிநேகிதியும் வருகிறாள். அன்று நான் தமிழில் கேட்டது அவள் காதிலும் விழுந்தது. போன தடவை பேசிய அதே மேடையில் ஏறி, அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள் டீச்சர்: அன்றைக்குத் தொட்டி முன்னால் பயந்தது நானா, நீங்களா?