கரிக்குக்குப் போட்ட நாற்காலி

பிரைட்டன் பீச்சில் ஃபாயினாவின் மடியில் ஏறாத கால் அபூர்வம். வந்து இறங்கிய நாளிலிருந்து ஊரார் பாதத்தைத் தேய்த்து, நகம் வெட்டி, ஆணி எடுத்துப் பிழைத்தவள். முகம் மறந்தாலும் குதிகால் மறக்காது அவளுக்கு. ஒடெஸாவில் மீன் விற்ற நாவும் என்றொருவர் இருந்தாரே, அவருடைய மூத்தாள் பெற்ற மகள். இளையாள் பெற்றவள் மூஸ்யா. தாய் வேறானாலும் இரண்டு பேரும் ஒரே பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வியன்னா, ரோம் என்று அலைந்துதான் இந்த அமெரிக்கக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். மூஸ்யாவின் புருஷன் லியோவா வேறு யாரோ இல்லை. ஃபாயினாவின் புருஷன், காலமாகிப்போன அர்காதி, அவனுக்குச் சித்தப்பா மகன். ஆக, அக்காளும் தங்கையும் ஒரே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள்.

நவம்பர் வந்தால் ஃபாயினாவின் பிறந்தநாள் விருந்து ‘பழைய துறைமுகம்’ உணவகத்தில்தான். இப்போது திறக்கிற கடைகளில் அகலமான தட்டின் நடுவே ஒரு துண்டு மீனை வைத்துவிட்டுப் போகிறார்கள். ‘பழைய துறைமுக’த்தில் அப்படி இல்லை. சிவப்பு வெல்வெட் நாற்காலி, சுவரெங்கும் கண்ணாடி, மேடையில் மினுமினுப்புச் சட்டைக்காரர் பாட்டு. மேஜைத் துணி கண்ணில் பட்டால் முதலாளிக்கு அவமானம். புகையிட்ட மீன், நாக்கு இறைச்சி, ஊறுகாய்த் தக்காளி என்று தட்டின்மேல் தட்டு ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு வருஷமும் ஃபாயினா தன் வலப்பக்கம் ஒரு நாற்காலி கூடுதலாகப் போடச் சொல்வாள். அதற்கு நேரே தட்டு, முள்கரண்டி, சின்னக் கிளாஸில் வோட்கா. மகன் கரிக்குக்கு. அவன் வருவதில்லை. யாரும் அதில் உட்காருவதும் இல்லை, ஏன் என்று கேட்பதும் இல்லை.

இந்த வருஷம் பரிமாற வந்தவள் லெஸ்யா. நாற்பது தாண்டியவள், பொல்தாவாவிலிருந்து வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. எல்லாருக்கும் ஊற்றினாள், காலி நாற்காலிக்கும் ஊற்றினாள். ஃபாயினாவின் கறுப்பு உடையைப் பார்த்தாள். பிறகு கூடையிலிருந்து கறுப்பு ரொட்டி ஒரு துண்டெடுத்து, அந்தக் கிளாஸின் வாயை மெல்ல மூடினாள்.

வழக்கப்படி பிறந்தநாள்காரியைப் பெற்றவர்களை வாழ்த்திப் பேச எழுந்து நின்ற லியோவாவுக்கு வாய் அப்படியே நின்றுபோயிற்று. ரொட்டி மூடிய கிளாஸ் செத்தவர்களுக்கு உரியது. அதை யாரும் குடிக்க மாட்டார்கள். உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வதுபோல அதோடு கிளாஸ் இடித்து வாழ்த்தவும் மாட்டார்கள்.

“ஏம்மா! எடு அதை!” மூஸ்யா அலறினாள். “யாருக்கு ரொட்டி வைக்கிற? பையன் கல்லு மாதிரி இருக்கான், பிட்ஸ்பர்க்ல லாரி ஓட்டிட்டு!”

“ஐயோ, மன்னிச்சிருங்க அத்தை... காலி நாற்காலியப் பாத்ததும்... எங்கப்பாவுக்கு நான் இப்படித்தான்...” லெஸ்யாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

லியோவா இடது தோளுக்குப் பின்னால் மூன்று தரம் துப்பிவிட்டு, திருஷ்டி கழிய நாற்காலியைத் தட்டினான்.

“வெல்வெட்டத் தட்டி என்னய்யா பிரயோஜனம்? கட்டையத் தட்டு!” என்றாள் மூஸ்யா. “கட்டை கிடைக்கலன்னா உன் தலையத் தட்டு!”

ஃபாயினா ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதே கூடத்தில்தான் கரிக்கின் கல்யாணம் நடந்தது. பெண் இனெஸ், மெக்சிகோக்காரி. “அவ நம்ம பாஷை பேச மாட்டா, நம்ம சாப்பாட்டைத் தொட மாட்டா. அவளைக் கட்டினா அம்மா செத்துட்டான்னு நெனச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு, ஃபாயினா வீட்டிலேயே இருந்துவிட்டாள். கரிக் அப்படி நினைக்கவில்லை. தன் பக்கத்தில் அம்மாவுக்கொரு நாற்காலி போட்டு, கிளாஸ் நிரப்பி, கேக் வெட்டுகிற வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தானாம். மறுநாள் மூஸ்யா வந்து இதைச் சொன்னபோது ஃபாயினா வெந்நீரில் கால் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஆறி வெகுநேரம் கழித்துத்தான் காலை எடுத்தாள்.

அதன் பிறகு அவன் இந்த ஊரை விட்டே போய்விட்டான். புத்தாண்டுக்கு மூஸ்யா அவனோடு போனில் பேசுவாள். ஃபாயினா கேட்காதவள் போலக் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். ஆனால் சமையலறையை விட்டு நகர மாட்டாள்.

இப்போது அவள் கை நீட்டி அந்த ரொட்டியை எடுத்தாள். உப்புத் தொட்டு, ஒரு துணுக்கு விடாமல் மென்று விழுங்கினாள்.

“நல்ல ரொட்டி. இங்க யாரும் சாகல. மூஸ்யா, உன் போனக் குடு. அவன் வீட்டு நம்பரைப் போடு.”

“இப்பவா? பாட்டு காதைப் பிளக்குதுடி!”

“இத்தனை வருஷம் அமைதியாத்தானே இருந்துச்சு. என்னத்தக் கிழிச்சேன்?”

கோட்டு மாட்டுகிற அறைக்குப் போய், ஈரக் கம்பளி வாடையடிக்கும் கோட்டுகளுக்கு நடுவே நின்றாள். எடுத்தது ஒரு பெண் குரல். ஃபாயினா தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தை ஒட்டவைத்தாள்.

“நான்... கரிக் அம்மா.”

 “அவர் வண்டியில இருக்கார். ஒஹாயோ பக்கம்.”

“சரி. வச்சிடறேன்.”

“இருங்க. இன்னைக்கு உங்க பொறந்தநாள்தானே?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“வருஷா வருஷம் இந்த நாள்ல பீட்ரூட்டும் உப்பு மீனும் அடுக்கி ஒரு சாலட் செய்வார். எதுக்குன்னு சொல்ல மாட்டார், நானாத்தான் கண்டுபிடிச்சேன். இந்தத் தடவை ஊர்ல இல்ல. அதான் நான் செஞ்சேன். சரியா வரல, தண்ணியா ஓடுது.”

ஃபாயினா பக்கத்தில் தொங்கிய யாருடைய கோட்டையோ பிடித்துக்கொண்டாள்.

“ஆப்பிள் போட்டியா?”

“போட்டேன்.”

“துருவிட்டுப் பிழிஞ்சியா?”

“இல்லையே.”

“பிழியணும். பீட்ரூட்டையும் பிழியணும். கையால.”

“சரிங்க.”

“அவன்கிட்ட...” என்று தொடங்கினாள் ஃபாயினா. 

“நீங்க பேசினதைச் சொல்றேன்,” என்றாள் இனெஸ். “வருவாரான்னு எனக்குத் தெரியாது. அதை நான் சொல்ல முடியாது.”

திரும்பி வந்தபோது மூஸ்யா முள்கரண்டியோடு பாதி எழுந்து நின்றாள். “அவனா பேசினான்? என்ன சொன்னான்?”

“அவ பேசினா. சாலட் தண்ணியாப் போச்சாம்.”

“அடி பைத்தியக்காரி! இத்தனை வருஷம் கழிச்சுப் பேசறது சாலட் பத்தியா?”

ஃபாயினா உட்கார்ந்து, காலி நாற்காலியின் வெல்வெட்டை நீவிவிட்டாள். சுவரோரம் நின்ற லெஸ்யாவைக் கூப்பிட்டாள்.

“அழாதம்மா. நீ அப்பாவுக்குச் செய்யறதைச் செஞ்ச. போய் இன்னொரு நாற்காலி கொண்டா. இதுக்குப் பக்கத்துல போடு.”

“யாராவது வர்றாங்களா அத்தை?”

“தெரியாது. போடு.”

லெஸ்யா போட்டாள். தட்டு வைத்தாள், கிளாஸ் வைத்து ஊற்றினாள். ரொட்டிக் கூடையின் பக்கமே திரும்பவில்லை. லியோவா பாதியில் விட்ட பேச்சை முடித்துக் கிளாஸைத் தூக்கினான். எல்லாரும் இடித்துக் குடித்தார்கள். ஃபாயினா மட்டும் குடிக்கவில்லை. எழுந்து குனிந்து, ஆளில்லாத அந்த இரண்டு கிளாஸிலும் தன் கிளாஸை ஒவ்வொன்றாக இடித்தாள். அந்தப் பாட்டுச் சத்தத்திலும் தன் காதுக்குக் கேட்கும்படி இடித்தாள்.